பெட் நம்பர்: டிராக்டர்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், டிராக்டர் மேடத்தைப் போல ஒரு கிளார்க்கின் உயிரை வாங்கிய இன்னொருவரைக் காட்ட முடியாது. அந்தக் கிளார்க் நான்தான். நர்சிங் கல்லூரி ஆபீசில் உட்கார்ந்து, மாணவிகள் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய நேரத்தையெல்லாம் டைப் அடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என் வேலை. நேரம் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. மேடம் அங்கே ஆசிரியை. பட்டப் பெயர் வைத்தது மாணவிகள்.

எல்லாக் கல்லூரியும் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பும். நாங்களும் அப்படித்தான் ஒழுங்காக இருந்தோம். ஒரு நாள் மேடம் அங்கிருந்து கொதித்துப்போய் வந்தார்.

"ஒரே ஒரு தாத்தா, கிளார்க் சார். முப்பது பொண்ணுங்களும் வரிசையா நின்னு அவருக்கே பிரஷர் பாக்குதுங்க. பதினேழாவது பொண்ணு போனப்ப மனுசன் கையப் போர்வைக்குள்ள ஒளிச்சிக்கிட்டாரு. இனிமே ஆளுங்க எங்க இருக்காங்களோ, அங்க நாம போறோம்."

போனார்கள். முதலில் விக்கிரமங்கலம் பக்கம், நூறு நாள் வேலை நடக்கும் இடம். நோயாளியைப் பார்த்ததும் மாணவிகள் நிரப்பும் நோட்டுப் படிவத்தில் 'பெட் நம்பர்' என்று ஒரு கட்டம் உண்டு. முப்பது பேரும் அதில் 'வேப்பமரம்' என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

"வேப்பமரம் ஒரு வார்டாங்க மேடம்?" என்று கத்தினேன்.

"காத்து நல்லா வருது சார். ஆஸ்பத்திரியில ஏது?" என்றார்.

அடுத்தது எறையூர். கரும்பு அரவை நடக்கும்போது ஆலைக்கு வெளியே லோடு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். இடம் போய்விடும் என்று டிரைவர்கள் வண்டியை விட்டு நகர மாட்டார்கள். ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆட்கள். மேடத்துக்கு அது போதாதா? டிராக்டருக்கு ஒரு மாணவி என்று பிரித்துவிட்டார். வாராவாரம் அதே மாணவி, அதே டிரைவர்.

இப்போது பெட் நம்பர் கட்டத்தில் டிஎன் 46 என்று தொடங்கி வண்டி நம்பர்! நோட்டெல்லாம் கரும்புச் சாறு வேறு. அதை மோப்பம் பிடித்துப் பீரோவுக்குள் வந்த எறும்பு, என் சாப்பாட்டு டப்பாவையும் விடவில்லை. ஒரு நாள் வரிசை திடீரென்று நகர, பிரஷர் பார்க்கும் பட்டையை டிரைவர் கையில் கட்டியிருந்த ஒரு மாணவி டிராக்டர் கூடவே ஓடியிருக்கிறாள். மறுநாள் அவள் அப்பா கீழப்பழுவூரிலிருந்து பஸ் ஏறி வந்து என் மேஜைமேல் ஒரு அடி அடித்தார்.

"நர்சுக்குப் படிக்க அனுப்புனா, எம்பொண்ண டிராக்டரு பின்னால ஓட வுட்டிருக்கீங்களே, இது நியாயமாய்யா?"

வாங்கிக் கட்டிக்கொண்டது நான். சாயங்காலம் மேடத்திடம் சொன்னால், "அவ்ளோ கோவமாவா இருந்தாரு? ஒரு பிரஷர் பாத்து அனுப்பிருக்கலாமே சார்" என்கிறார். இவரை என்ன செய்வது?

பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். நான் டைப் அடித்ததைப் புரட்டிவிட்டு, "டிஎன் நாப்பத்தாறு எந்த வார்டு?" என்று கேட்டார்.

"வார்டு இல்லைங்க சார், டிராக்டர்" என்றார் மேடம், கொஞ்சமும் கூசாமல்.

"பெட் இல்லன்னா பேஷண்ட்டே இல்ல. இந்த ஹவர்ஸ் செல்லாது."

முப்பது பிள்ளைகளுக்கும் அந்த வருஷப் பரீட்சை போச்சு. நான் மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதைத்தான் அவர் ஒரே வரியில் சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அறையில் யாரோ எழுந்து நின்று கத்துகிறார்கள். யாரென்று பார்த்தால், நான்.

"இதை டைப் அடிச்சவன் நான் சார்! ஆஸ்பத்திரி நோட்டப் பாருங்க. ஒரே தாத்தா, ஒரே காலைல, அவரு கைய ஒளிச்ச பெறகும் முப்பது விதமா பிரஷரு. அதுக்கு பெட்டு இருக்கு, அதனால ஹவர்ஸ் உண்டு! இந்த டிராக்டர் டிரைவரப் பாருங்க. மொத வாரம் நூத்தித் தொண்ணூறு. அந்தப் பொண்ணு சண்ட போட்டு டாக்டர்ட்ட அனுப்பிருக்கு. ஆறாவது வாரம் நூத்தி முப்பத்தெட்டு. இவன் பேஷண்ட் இல்லன்னா வேற யாரு சார் பேஷண்ட்டு?"

அதிகாரி இரண்டு நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு நம்பராக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு 'பெட் நம்பர்' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'பார்த்த இடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பது பேரும் பரீட்சை எழுதினார்கள்.

மேடம் நன்றி சொல்வார் என்று நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"மூஞ்சி ஏன் இப்புடிச் செவந்து கெடக்கு? கைய நீட்டுங்க."

நூற்று எழுபத்தாறு. அங்கேயே என் பெயரில் ஒரு படிவம் எழுதினார். பார்த்த இடம்: ஆபீஸ், ஜன்னலோர மேஜை. "டாக்டரப் பாத்துட்டு வந்து அப்பறம் டைப் அடிங்க" என்று என் கீபோர்டைத் தூக்கித் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். என்ன அராஜகம்!

மேடம் இப்போது வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விட்டார். அங்கே எந்தக் கிளார்க் மாட்டிக்கொண்டு முழிக்கிறாரோ. நான் தினமும் காலையில் பிரஷர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வாயில் போடுகிறேன். இதுவரை ஒரு நாள்கூட விட்டதில்லை.