பெடல் கட்டையும் பக்திமான் பட்டமும்

சும்மா இருக்கத் தெரியாதவனுக்கு நோய் வருத்தம் மட்டும் வரக்கூடாது. நான் அந்த வகை. மாதா கோயிலில் சுவாமியார் பிரசங்கம் வைக்கும்போதுகூட என் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் குருக்கள்மடத்துக்காரன். மட்டக்களப்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். பெண் திரேசா, டவுன்காரி. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீட்டுக்குள் வரப்போகிறவனை மாமியார் மாடு வாங்குகிறவர் மாதிரிப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நியாயம்தானே?

அந்த நேரம் பார்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கியும் என் கால் பெடலுக்கு எட்டவில்லை. (நான் குள்ளன் இல்லை. சைக்கிள்தான் உயரம்.) கொண்டுபோய் மாற்றிவர எனக்குப் பொறுமை ஏது? பூவரசங்கட்டை இரண்டை நானே வெட்டி, பெடல்களில் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். இடது பக்கக் கட்டை உள்நோக்கிச் சரிந்திருந்தது. மிதிக்க மிதிக்கத் தேய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

கட்டை தேயவில்லை. என் இடது முழங்கால்தான் நோகத் தொடங்கியது. நடந்தால் நொண்டல். அம்மா கண்ணூறு என்றார். நான் சைக்கிளைத் தோணியில் ஏற்றி, வாவியைக் கடந்து, படுவான்கரையில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரியாரிடம் போனேன். அவர் முழங்காலை அமுக்கிப் பார்த்தார். நான் கத்தினேன்.

"நடந்தா வந்த மனே?"

"இல்ல, சைக்கிள்ள."

"ஆ, அது நல்லம். நடக்கப்படாது, விளங்கிச்சா?"

விளங்கியது! அன்றிலிருந்து முக்குக் கடைக்கும் சைக்கிள், எண்ணெய் பூசிக்கொள்ளப் பரியாரியாரிடம் போகவும் சைக்கிள். மருந்து எடுக்கப் போய்ப் போய் வருத்தத்தை வளர்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் மாப்பிள்ளைக்குக் காலில் ஏதோ குறையாம் என்று பெண் வீட்டுக்குக் கதை போய்விட்டது. திரேசாவை நான் இரண்டொரு தடவைதான் பார்த்திருந்தேன். ஆனால் அவள் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று ஆகியிருந்தது. நொண்டிக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டால்?

சைக்கிளில் இருக்கும்வரை நொண்டல் தெரியாது. நேரே அவர்கள் வீட்டு வாசலுக்கு ஓட்டிப் போய், வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, இறங்காமலே மாமியை நலம் விசாரித்தேன்.

"எறங்குங்க தம்பி, கோப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

"இல்ல மாமி, அவசரம்."

"அவசரம் எண்டாலும் ஒரு வாய்..."

"இன்னொரு நாளைக்கு மாமி!"

அந்த இன்னொரு நாளும் இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவசரம், அவசரம் என்று கல்யாண நாள்வரை ஓட்டிவிட்டேன்.

கல்யாணப் பூசையில் சைக்கிளுக்கு எங்கே போவது? பீடத்தின் முன் முழந்தாளிட்டேன். எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்ப முடியவில்லை. மாப்பிள்ளை எழும்பாததால் கோயிலில் இருந்தவர்களும் எழும்பாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுவாமியார் இருமினார்.

"எழும்புங்களன்," என்றாள் திரேசா. அதுதான் அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

"ஏலாது. முழங்கால் புடிச்சிற்று."

அவள் என் கையிடுக்கில் கையைக் கொடுத்து ஒரே தூக்கு. நான் நின்றேன். பின்னால் மாமியின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "என்ன பக்தி, ஆண்டவரே! எழும்ப மனமில்ல பிள்ளைக்கு!"

கல்யாணம் முடிந்து முதல் ஞாயிறு, திரேசாவை முன் பாரில் ஏற்றிக்கொண்டு பூசைக்குப் புறப்பட்டேன். தெரு முனைகூடத் தாண்டவில்லை.

"இஞ்சேருங்க, உங்கட இடது முழங்கால் மட்டும் ஏன் ஒவ்வொரு மிதிக்கும் வந்து என்ன இடிக்கிது?"

குதித்து இறங்கினாள். பெடலைப் பார்த்தாள், சரிந்த கட்டையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத ஏலாது. கட்டைகள் இரண்டும் அன்றைக்கே அடுப்புக்குள் போயின. சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "கதிரையில கால நீட்டிக்கொண்டு இரிங்க. அசைஞ்சா அம்மாட்டச் சொல்லிப்போடுவன்." மாமியிடம் சுளுக்கு என்று சொல்லி, லீவு போட்டுவிட்டு நாற்காலியே கதி என்று இருந்தேன். அப்பப்பா, என்ன கொடுமை! மாமியின் கோழிகளுக்கெல்லாம் பெயர் வைத்தேன். ஒரே பத்திரிகையை மரண அறிவித்தல் உட்பட மனப்பாடம் செய்தேன். ஆனால் அதே பரியாரியாரின் அதே எண்ணெய் இந்த முறை வேலை செய்தது. பிறகு என் காலுக்கு எட்டுகிற சைக்கிள் ஒன்றை வாங்கினோம்.

முழங்கால் நேரானது. பக்திமான் பட்டம்தான் போகவில்லை. மாமி சுவாமியாரிடம் சொல்லி, தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதையை முன்நின்று நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டினார். ஒவ்வொரு நிலைக்கும் முழந்தாளிட்டு எழும்ப வேண்டும். வருடக்கணக்காகச் செய்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் மாமியிடமே உண்மையைக் கொட்டிவிட்டேன்.

மாமி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "அது எனக்கு அப்பவே தெரியுமே மகன். வேலியப் புடிச்சுக்கொண்டு எறங்காம நிண்டீங்களே! இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறவனுக்கு என்ட பிள்ளையில ஆசை இல்லாமலா எண்டுதான் பேசாம விட்டன்."

"அப்ப பக்தி பக்தி எண்டு ஊரெல்லாம் சொன்னீங்க?"

"பின்ன? மருமகன் நொண்டி எண்டா சொல்லச் சொல்லுறீங்க?"

"சிலுவைப்பாதை?"

"கால் சுகமாகிற்றா எண்டு பார்க்கத்தான்."

திரேசா சிரித்த சிரிப்பில் கோழிகள் வேலி பாய்ந்தன. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேரப்பிள்ளை எவனையாவது "எழும்பிப் போய்த் தண்ணி அள்ளு" என்றால், கதிரையில் சாய்ந்தபடியே, "ஏலாது, பக்தி புடிச்சிற்று" என்கிறான்.