சர்தார்ஜிக்குப் பிடித்த குத்துப்பாட்டு

"மாடிப்படியில சத்தம் கேக்குது. வந்துட்டாங்க! பாட்டை நிறுத்துங்க!"

இளவரசி சப்பாத்தி மாவுக் கையோடு ஓடி வந்தாள். டேப்ரெக்கார்டரில் குத்துப்பாட்டு அலறிக்கொண்டிருந்தது. டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் ஜன்னலெல்லாம் அதிர்ந்தது.

அவள் மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. ஆளுக்கொரு பொறுப்பு, தலைவரே நேரில் வந்து கொடுப்பார். குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் பொறுப்பு காலியாக இருந்தது. இளவரசிக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. இன்று தலைவர் விஸ்வநாதன் மனைவியோடு வருகிறார். இந்தக் கூத்து அவர் காதில் விழுந்தால் எல்லாம் போச்சு!

அவளும் என்னதான் செய்வாள்? ஜெபம் முடிந்து எழும்போது நெஞ்சுக்குள் பொங்குகிற அதே சந்தோஷம், பாழாய்ப்போன இந்தப் பாட்டுக்கும் பொங்கித் தொலைக்கிறது. இதை வெளியில் சொல்ல முடியுமா?

கணவன் ஜெயராம் பொத்தானை அழுத்தினான். உள்ளே போன பொத்தான் அங்கேயே சிக்கிக்கொண்டது. பாட்டு நிற்கவில்லை. இளவரசி பிளக்கைப் பிடுங்கினாள். அப்போதும் நிற்கவில்லை.

"பேட்டரி போட்டு வச்சிருக்கேன், அடிக்கடி கரண்ட் போகுதேன்னு."

"என்னைக்குமில்லாம இன்னைக்குத்தான் உங்களுக்குப் புத்தி வேலை செய்யணுமா?"

குளிருக்குப் போர்த்தும் கனத்த ரஜாயைப் போட்டு அமுக்கினார்கள். தவில் மட்டும் தனியாகக் கேட்டது. காலிங்பெல் அடித்தது.

"பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போங்க, ஜல்தி!"

ஜெயராம் டேப்போடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். நாலு சுவரும் எதிரொலித்து, பாட்டு இரண்டு மடங்கானது.

"யார் வீட்டுல சிஸ்டர் இவ்வளவு சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே விஸ்வநாதன் உட்கார்ந்தார்.

"கீழ் வீட்டு சர்தார்ஜி, பிரதர்."

"தமிழ்ப் பாட்டாச்சே!"

"அவருக்குத் தமிழ்னா உசிரு."

விஸ்வநாதனின் மனைவி மேதா, இளவரசி கொடுத்த எலுமிச்சம்பழ நிம்பு பானியைக் குடித்தாள். உள்ளே அடுத்த பாட்டு ஆரம்பித்தது. வேறு வேலையில்லாத ஜெயராமும் கூடவே பாடத் தொடங்கிவிட்டான்.

"சர்தார்ஜிக்கு நல்ல குரல்," என்றாள் மேதா.

இளவரசி நகர்ந்து பாத்ரூம் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு இந்த மாதிரிப் பாட்டெல்லாம் பிடிக்குமா சிஸ்டர்?" என்றார் விஸ்வநாதன்.

"ஐயையோ! காதைப் பொத்திக்குவேன் பிரதர்!"

விஸ்வநாதன் முகம் தொங்கிப்போனது. "அப்படியா... அப்போ நாங்க கிளம்பறோம்."

இளவரசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொய்யும் சொல்லி, பொறுப்பும் போச்சே!

மேதா சிரிப்பை அடக்க முடியாமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போன வாரம் சர்ச் வாசல்ல நீங்க முணுமுணுத்த குத்துப்பாட்டுக்குக் குழந்தைங்க அத்தனையும் ஆடுனதைப் பார்த்துட்டுத்தான் பொறுப்பை உங்களுக்குக் கொடுக்க வந்தோம் சிஸ்டர்; ஞாயித்துக்கிழமை வரும்போது பாத்ரூம்ல இருக்கிற சர்தார்ஜியையும் கூட்டிட்டு வாங்க!"