ஒரு ரூபாய் வரி

சூலூர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் பம்ப்செட் தயாரிக்கும் பங்காருவுக்கு வாழ்க்கையில் இரண்டே லட்சியங்கள். வரி குறைய வேண்டும். அரசாங்கம் சுருங்க வேண்டும். மைக் கிடைத்த இடத்திலெல்லாம் இதைப் பேசினார். ஒரு காதுகுத்து விருந்தில், குழந்தை அழுது ஓய்ந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் கெட்ட நேரம், அரசாங்கம் கேட்டுவிட்டது. 'மேற்படி தொழிற்பேட்டை இன்று முதல் குறு அரசு மண்டலம். ஆண்டு வரி ரூபாய் ஒன்று மட்டும். அலுவலர் ஒருவர் மட்டும். செவ்வாய்க்கிழமை மட்டும்' என்று ஆணை வந்தது. இருபத்தாறு பேர் இருந்த பேட்டை அரசு அலுவலகத்தில் அன்புச்செல்வி என்ற அலுவலரும் ஒரு மின்விசிறியும் மிஞ்சினார்கள். பங்காரு பேட்டை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

அந்தச் சூட்டோடு கென்யாவிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. வீட்டை அடமானம் வைத்து எண்ணூறு பம்ப்செட் செய்து கன்டெய்னரில் ஏற்றினார். வியாழக்கிழமை தூத்துக்குடியில் கப்பல். வரி கட்டிய ரசீது இல்லாமல் சரக்கை எடுக்க மாட்டோம் என்றார்கள் கென்யாக்காரர்கள். ஒரு ரூபாய்தானே! செவ்வாய் காலை சில்லறையோடு போய் நின்றார்.

"இந்தா அம்மணி, ஒத்த ரூவா. ரசீது போடுங்க."

அன்புச்செல்வி ரூபாயைப் பெட்டிக்குள் போட்டாள். "ரசீது போடறவங்களக் குறைச்சாச்சுங்க ஐயா."

"நீங்களே போடுங்க."

"எனக்கு வாங்கற அதிகாரம் மட்டுந்தானுங்க. குடுக்கறது வேற வேலைங்க. ரெண்டும் செஞ்சா அரசாங்கம் பெருத்துப்போகுமுங்க."

"அப்ப நான் கட்டினதுக்கு என்ன சாட்சி?"

"அரசாங்கம் மக்கள நம்போணும்னு நீங்கதானுங்க மேடையில சொன்னீங்க? நாங்க நம்பறோமுங்க. கென்யாக்காரரையும் நம்பச் சொல்லுங்க."

கப்பலை விட்டால் வீடு போய்விடும். "தேவுடா! ரசீது போட ஒரு ஆளப் போடச் சொல்லுங்க அம்மணி."

"மனுக் குடுங்க. வாங்கிக்கறேன். பேட்டையில எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோணுங்க. அஞ்சு மணிக்குள்ளங்க."

ஓடினார். ஃபவுண்டரி சஹீர் பேனாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "போடறேனுங்ணா. அப்படியே தெருவிளக்குக்கு ஒரு ஆள் சேத்திக்கங்க." விசைத்தறி வெங்கடலட்சுமி சாக்கடைக்கு இரண்டு பேரும், தறிக்கு மானியமும், மானியம் கொடுக்க ஓர் அதிகாரியும் கேட்டார். இன்னொருவர் நாய் பிடிக்க மூன்று பேர் கேட்டார். மறுத்தால் கையெழுத்து கிடைக்காதே என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார் பங்காரு.

நாலே முக்காலுக்கு மனுவில் அறுபத்திரண்டு பதவிகள் இருந்தன. அடியில் சிவப்பு மையில், ஒருவர்கூட ஆட்சேபிக்காத ஒரே கோரிக்கை: 'வரி மட்டும் ஒரு ரூபாயைத் தாண்டக் கூடாது.' அதை எழுதியவர் பங்காருதான். எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்புச்செல்வி மனுவை வாங்கி முழுதாகப் படித்தாள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பையை எடுத்தாள்.

"ஆள் எப்பங்க வரும்?"

"மனு கோயமுத்தூர் போகோணுங்க ஐயா."

"இன்னைக்கே அனுப்பிப்போடுங்க அம்மணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்கு வாங்கறது மட்டுந்தானுங்களே. அனுப்பறதுக்கு ஒரு ஆள் கேட்டிருக்கீங்களா, பாருங்க."

அறுபத்திரண்டையும் விரல் வைத்துப் பார்த்தார் பங்காரு. நாய் பிடிக்க மூன்று பேர் இருந்தார்கள்.