நின்று பார்க்கக் கூடாத ஜன்னல்

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த மூக்கைப் பார்த்ததும் வீபே கையிலிருந்த முள்கரண்டியை மேசையில் அடித்தார்.

மூக்குக்குச் சொந்தக்காரர் ஒரு தடித்த மனிதர். பக்கத்தில் அவர் மனைவி. பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், கழுத்தில் கேமராவோடு. வாரம் முழுக்க ஹார்லிங்கன் துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கி இடுப்பு விட்டுப்போன ஓர் ஆள், சனிக்கிழமை மதியம் தன் வீட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்பதை அவர்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு நானூறு வருஷத்துப் பழசு. அது வீபே செய்த குற்றமா?

மற்ற சனிக்கிழமைகளில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். இன்று அது நடக்காது. நாலு மணிக்கு சீட்ஸ்கே காப்பி குடிக்க வருகிறார். ரொட்டிக்கடைக்காரி, புருஷன் போய் ஆறு வருஷமாகிறது. மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் சரி என்றிருக்கிறார். மானமுள்ள பெண்பிள்ளையை இந்தக் கூட்டத்தின் நடுவே எப்படி உட்காரவைப்பது?

திரையை இழுத்துவிடலாமே என்று வெளியூர்க்காரன் சொல்வான். இந்தத் தெருவில் திரையை மூடும் வழக்கம் இல்லை. இரவில் மூடினால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். பகலில் மூடினால் வீட்டில் பிணம் கிடக்கிறது என்று அர்த்தம். ஜன்னல் திறந்தே இருக்கும். போகிறவர்கள் நடந்தபடியே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். நின்று மட்டும் பார்க்கக் கூடாது. அடுத்தவர் ஜன்னல் முன்னால் நின்ற பொம்பளை என்று ஒரு தடவை பெயர் எடுத்தால், சாகும்வரை தெரு பேசும்.

வீபே கதவைத் திறந்து பாய்ந்தார்.

"என்ன பாக்கறீங்க? இது வீடு! நான் குடியிருக்கற வீடு!"

பாஷை புரியாத தடித்த மனிதர் நன்றி சொல்லித் தலையாட்டினார். காலை மிதியடியில் ஒழுங்காகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். மனைவி அடுப்பங்கரைச் சுவரின் நீலக் கற்களைத் தடவினாள். ஒருவர் உருளைக்கிழங்கைப் படம் எடுத்தார்.

"உள்ள வரச் சொன்னேனா? வெளிய போங்கய்யா!" என்று வீபே கதவைக் காட்டினார்.

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். அதையும் படம் எடுத்தார்கள்.

ஒருவழியாக அவர்களைத் தள்ளி வெளியேற்றியபோது, எதிர்வீட்டு ஆல்ட்யே வாசலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தொண்டை கிழியக் கத்தி என்ன பிரயோஜனம்? எழுதி மாட்டுண்ணே. எழுத்துன்னாத்தான் மனுஷன் மதிப்பான்."

வீபே ஒரு மீன்பெட்டிப் பலகையைப் பிடுங்கி, பெரிய எழுத்தில் எழுதி மாட்டினார்: 'இது அருங்காட்சியகம் இல்லை. 4 மணிக்கு விருந்தாளி வருகிறார். யாரும் நிற்காதீர்கள்.'

வந்தவர்களுக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. 4. கடிகாரத்தைப் பார்த்தார்கள். இன்னும் நேரம் இருந்தது. வரிசையில் நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் வரிசை பாலம்வரை போய்விட்டது. கடைசியில் நின்றவர்களுக்கு எதற்காக நிற்கிறோம் என்றே தெரியாது. இவ்வளவு நீள வரிசை என்றால் முக்கியமான இடமாகத்தான் இருக்கும் என்று நின்றார்கள்.

வீபேக்கு ரத்தம் தலைக்கேறியது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று திரையை இழுத்து மூடினார்.

அடுத்த நிமிஷம் கதவு இடிபட்டது.

"ஐயோ வீபேண்ணே! இப்பத்தானே நல்லாக் கத்திக்கிட்டு இருந்தீங்க!"

"நான் சாகல, ஆல்ட்யே!"

"அப்ப உள்ள செத்தது யாரு?"

"யாருமே சாகலம்மா!"

வெளியே குரல் மாறியது. "அப்ப எதை மறைக்கிற?"

திரை ஓரமாக எட்டிப் பார்த்தார். தெரு ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். அதைப் பார்த்து வரிசையிலிருந்த வெளிநாட்டுக்காரர்களும் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். உயிரோடு இருப்பவனுக்கு இப்படி ஓர் அவமானமா! வீபே திரையைப் பிடித்து இழுத்த இழுப்பில் கம்பியோடு பெயர்ந்து தலைமேல் விழுந்தது.

கூட்டம் கைதட்டியது.

மாதா கோயில் மணி நாலு அடித்தது. வாராவாரம் ஆட்களைக் கூட்டி வரும் குடைக்கார வழிகாட்டி, புதிதாக ஒரு கும்பலோடு வந்து சேர்ந்தான்.

"சார், கோவிச்சுக்காம அந்த நாற்காலியில போய் உக்காருங்க. இவங்க பாரிஸ், ரோமெல்லாம் பாத்துட்டு வர்றவங்க. இந்த மாதிரி வந்தவங்ககிட்ட எது ரொம்பப் புடிச்சுதுன்னு கேட்டா, உங்களைத்தான் சொல்றாங்க. ரோம்ல எல்லாம் இடிஞ்சு கெடக்குதாம். நீங்க இன்னும் அசையறீங்களாம்."

"அசையறேனா? யோவ், உனக்கு வெக்கமா இல்ல? ஒருத்தன் திங்கறத, கொட்டாவி விடறத நின்னு பாக்கறதுக்கா கப்பல் ஏறி வர்றீங்க? உங்க வீட்டு ஜன்னல் முன்னால நான் வந்து நின்னா விடுவியா?"

வழிகாட்டி பதில் சொல்ல வாயெடுத்தபோது கூட்டம் விலகியது. சீட்ஸ்கே வந்துகொண்டிருந்தார். நல்ல உடுப்பு, துணியில் சுற்றிய சர்க்கரை ரொட்டி, நிலத்தைவிட்டு ஏறாத பார்வை. ஜன்னல் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் நேராக வாசற்படிக்கு வந்து நின்றார்.

வீபேயின் நெஞ்சு நிமிர்ந்தது. ஊரே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"பாருங்கய்யா, கண்ணைத் தொறந்து பாருங்க! இவங்ககிட்டக் கத்துக்கங்க மரியாதைன்னா என்னன்னு! இந்த ஊர்லயே பொறந்தவங்க. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, அடுத்தவன் ஜன்னல் முன்னால நின்னிருப்பாங்களா?"

வழிகாட்டி குடையைத் தாழ்த்திவிட்டு சீட்ஸ்கேயை உற்றுப் பார்த்தான்.

"யாரு, இந்த அம்மாவா? ரெண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம, இந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் வந்து எங்க கூட்டத்துக்குள்ள புகுந்துக்கறது இவங்கதானே சார்!"