இடுப்பில் போட்ட ஒட்டு

திருகோணமலைத் துறைமுகத்தில் இரும்பைப் பற்றி வெல்டிங் காக்காவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இரும்பு அல்லாத விஷயங்கள் அதைவிடக் கூடுதலாகத் தெரியும். கிண்ணியாவிலிருந்து எங்கள் படகுப் பட்டறைக்கு வருவார். எதை ஒட்டினாலும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "பழுதில்ல" என்ற பிறகுதான் படகைத் தண்ணீரில் இறக்க விடுவார். காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்; சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

அங்கே சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்த எனக்கு இடுப்புப் பக்கத்து முள்ளந்தண்டில் இரண்டு எலும்புக்கு இடையிலுள்ள வட்டு ஒன்று தேய்ந்து, இடது கால் விறைக்கத் தொடங்கியது. "ரெண்டு எலும்பையும் சேர்த்து ஒட்டவேணும். விட்டால் நடக்க ஏலாமல் போகும்" என்றார் டொக்டர். சம்மதப் படிவத்தில் ஒப்பம் வைக்காமல் ஓடிவந்துவிட்டேன். ஓடினேன் என்பது மரியாதைக்கு, நொண்டினேன்.

இதைப் பட்டறையில் சொன்னதுதான் பிழை. "ஒட்டு" என்ற சொல் காக்காவின் காதில் விழுந்துவிட்டது.

"ஒட்டெண்டா நம்மட வேலை, தம்பி. எந்தப் பக்கத்தால ஒட்டப் போறாராம்?"

"அதைக் கேக்கேல்லை, காக்கா."

"ஓட்டைப் படகையே நான் நாலு பக்கமும் சுத்திப் பாக்கிறன். நீங்க முதுகையே குடுக்கப் போறீங்க, ஒரு கேள்வி கேக்கேல்லையா?"

ஒரே வாரத்தில், இடுப்பு ஒட்டிய மூன்று பேரைத் தேடிப்பிடித்துப் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டார். உப்புவெளி விடுதிக்காரருக்கு வயிற்றைத் திறந்து முன்பக்கத்தால் போயிருந்தார்கள். கப்பல்துறை வாத்தியாருக்குப் பின்பக்கத்தால். ஒரு பஸ் சாரதிக்கு விலாப்பக்கத்தால். காக்கா மூவரையும் வரிசையில் நிறுத்தி, சட்டையைத் தூக்கச் சொல்லி, டோர்ச் அடித்துத் தழும்பு பார்த்தார். பிறகு குனியச் சொன்னார். குனிந்தார்கள், இயன்ற மட்டும்.

"என்ர முதுகில ஆரும் கைவைக்கேல்லை. வயிறுதான் நாலு நாள் வேலைநிறுத்தம்" என்றார் விடுதிக்காரர்.

"எனக்கு முதுகுத் தசை நோ ஆற மாசக்கணக்காச்சு" என்றார் வாத்தியார்.

"எனக்குத் தழும்பு சின்னன். தொடைதான் கொஞ்சக் காலம் விறைச்சுக் கிடந்தது" என்றார் சாரதி.

யாருக்குச் செய்த வழி சிறந்தது என்று உடனே சண்டை மூண்டது. நிமிரச் சொல்லக் காக்கா மறந்துவிட்டதால், குனிந்தபடியே சண்டைபிடித்தார்கள்.

காக்கா தீர்ப்புச் சொன்னார்: "மூண்டு பேரும் நடந்துதானே வந்தீங்க? அப்ப ஒட்டு மூண்டும் ஒண்டுதான். போற வழியிலதான் சேதாரம் வேற வேற."

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனார். "டொக்டர், உங்கட கைக்கு எந்தப் பக்கம் பழக்கம்?"

டொக்டரின் புருவம் மேலே போய், மெல்ல இறங்கியது. "இவருக்குப் பின்பக்கம்தான் பொருத்தம். என்ர கைக்கும் அதுதான் பழக்கம்" என்று சிரித்தார்.

"அப்ப சரி. தம்பி, ஒப்பத்தை வைங்க."

வைத்தேன். பயம் போகவில்லை, ஆனால் காக்காவை மீறுகிற பயம் அதைவிடக் கூடுதல்.

சத்திரசிகிச்சைக்கு மறுநாள் காக்கா வார்டுக்கு வந்தார். சுத்தியல் கொண்டுவரவில்லை. விரல் நுனியால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்தார்.

"காக்கா, கால் விறைப்புப் போயிட்டுது."

"பேசாம இரிங்க, சத்தம் கேக்குதில்ல." கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு "பழுதில்ல" என்றார். குரல்தான் உடைந்திருந்தது.

இனி வரத் தேவையில்லை என்று டொக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். காக்காவும் வேலையை விட்டுவிட்டார். நான்தான் மாதம் ஒருமுறை பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போய்த் தோளைத் தட்டக் கொடுத்துவிட்டு வருகிறேன். அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் என்னால் நிமிர்ந்து நடக்க முடிவதில்லை.