ஒன்பது மார்க்குக்கு மூன்றாம் ரேங்க்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். சாரி சாரை நினைத்தாலே எனக்கு இப்போதும் பி.பி. எகிறுகிறது. தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், கம்ப்யூட்டர் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிற இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார்.

இரண்டாயிரத்துச் சொச்சம். மேற்குத் தாம்பரத்தில் செல்போன் கடை மாடியில் பாய் ஒரு வெப்சைட் கம்பெனி வைத்திருந்தார். மூன்று கம்ப்யூட்டர், ஒன்றரை ஃபேன். ப்ளஸ் டூ கணக்கில் ஊத்திக்கொண்ட என்னை அவர் ஒருத்தர்தான் வேலைக்கு எடுத்தார். அங்கே புரோகிராம் கோடில் பாதி, சாரி சார் என்று நாங்கள் கூப்பிட்ட சீனியர் எழுதியது. மீதி, நான் அவரைப் பார்த்துக் காப்பியடித்தது.

மற்றவர்கள் செய்த சைட்டில் டேட்டாபேஸ் படுத்துவிட்டால் இங்கிலீஷில் நாலு வரி திட்டு வரும். எங்கள் சைட்டில் கடிதம் வரும். ‘ஐயா, அம்மா, டேட்டாபேஸ் பதில் சொல்லவில்லை. நீங்கள் எதையும் தப்பாக அழுத்தவில்லை. தவறு எங்களுடையது. சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள்.’

பாய் தலையில் அடித்துக்கொள்வார். “யோவ், இது வெப்சைட்டா, கல்யாணப் பத்திரிகையா?”

“சாரி பாய். பாக்கறவங்க பயந்துடக் கூடாதுல்ல?”

அதோடு விட்டாரா? பல்லாவரத்து ஃபர்னிச்சர் கடைக்காரர் சைட்டைப் பார்க்க வந்தார். கட்டில், பீரோ எல்லாம் விலை வாரியாக அழகாக வரிசையில் நின்றன. மனுஷன் செக் புக்கை எடுக்கிற நேரம், சாரி சார் டேட்டாபேஸை அணைத்துவிட்டார்.

“சார், வுழுந்தா எப்படி வுழுதுன்னும் பாத்துடுங்க!”

கடைக்காரர் செக் புக்கை மடித்துக்கொண்டு படியிறங்கினார். “கடையக் காட்டச் சொன்னா ஷட்டர எறக்கிக் காட்டறியேய்யா!” என்று பாய் கத்தியது கீழே பஸ் ஸ்டாப் வரை கேட்டது.

அடுத்து வந்தது கீழ்க்கட்டளை டியூஷன் சென்டர் ரேங்க் லிஸ்ட். டேட்டாபேஸில் மார்க் போட்டுவைக்கிற டேபிளைச் செய்தது நான். அதற்கு முன்பே ரெண்டு சைட்டைக் கவிழ்த்திருந்தேன். “இன்னொண்ணு சொதப்புனே, அப்படியே வூட்டுக்குப் போயிடு” என்று பாய் சொல்லியிருந்தார்.

மார்க்கை நம்பராகப் போடாமல் எழுத்தாகப் போட்டுத் தொலைத்தேன். எழுத்து என்றால் கம்ப்யூட்டர் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் வரிசை கட்டும். 97, 92, அடுத்து 9, அதற்குக் கீழே 88. ஒன்பது எடுத்தவன் மூன்றாம் ரேங்க். நூறு எடுத்த பெண் ஆகக் கடைசி, 23 எடுத்தவனுக்கும் கீழே. எரர் வந்திருந்தாலாவது கடிதம் வந்திருக்கும். வரவில்லை. கேட்டதைத்தான் டேட்டாபேஸ் கொடுத்தது.

மறுநாள் காலை சென்டர்காரர் மாடி ஏறி வந்தார். கூடவே அந்தப் பெண்ணின் அப்பா. “எம்பொண்ணு நேத்துலேர்ந்து சாப்பிடல சார்” என்றார் அவர்.

“இந்த டேபிள எவன்டா போட்டது?” என்றார் பாய்.

நான் குனிந்து மவுஸ் ஒயரை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“சாரி பாய். நான்தான்” என்றார் சாரி சார்.

பாய் ஒரு நொடிகூட சந்தேகப்படவில்லை. வாய் திறந்தாலே சாரி சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? “நாளையிலேர்ந்து வராத.”

சாரி சார் உட்கார்ந்து மார்க்கை நம்பராக மாற்றினார். அந்தப் பெண் முதலிடத்துக்கு வந்ததை அவள் அப்பாவிடம் காட்டினார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

நான் படியில் ஓடிப்போய் மறித்தேன். “யோவ், ஒன்ன யாருய்யா கேட்டா?”

“எனக்குக் கேளம்பாக்கம் பக்கம் எங்கியாச்சும் கெடைக்கும்டா. ஒனக்கு எவன் குடுப்பான்?”

என்ன திமிர் பாருங்கள். சொன்னது உண்மை வேறு. நானும் அடுத்த நாலு வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சைட்டிலும் அவருடைய கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டேன்.

எழுதியதை ரஃபீக்கிடம் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன்தான் என் கூட்டாளி. சிரிப்பான் என்று பார்த்தேன்.

“மொதல்ல இத்த பாய்கிட்ட படிச்சுக் காட்டு மச்சான்” என்றான்.