காசிக்குப் போய் இளைத்தவர்கள்

"உங்க வீட்ல எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணினவங்க ஒன்றரை வருசத்துக்குக் கர்ப்பமாகக் கூடாது சார். கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, உடம்புல சரியாச் சேராது. லூப் போட்டுக்க வரச் சொன்னோம், வரவே..."

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை முத்துராமலிங்கம் பாதியிலேயே அணைத்தார். மருமகள் சங்கதியைக் கேட்க மாமனார் காதுதானா கிடைத்தது?

ஐம்பதைத் தொடுமுன்பே பள்ளத்தூரில் பெரியவர் என்று பேர் எடுத்தவர் அவர். மனைவி கல்யாணசுந்தரியும் மருமகள் சத்தியப்பிரியாவும் ஆறு மாதம் முன்பு மதுரையில் ஒரே வாரத்தில் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார்கள். சோற்றைக் குறைக்கத் தெரியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டார்கள் என்று ஊர் பேசிவிடக் கூடாதே! காசிக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்தார். அவர்கள் திரும்பியதும் பங்காளி கோட்டைச்சாமி கங்கைத் தீர்த்தம் கேட்டு வந்தபோது, கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் அடைத்துக் கொடுத்தார்.

நாளை மகன் அருள்பாண்டி சிங்கப்பூரிலிருந்து லீவில் வருகிறான். ஒரே பிள்ளை, அவனுக்குப் பிறகு கல்யாணசுந்தரிக்கு உடம்புதான் பெருத்தது. அவனிடம் இதை எப்படிச் சொல்வது? முத்துராமலிங்கம் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார்.

மகன் பெட்டியை இறக்குவதற்குள், "சிங்கம்புணரித் தோப்புல மோட்டார் களவு போகுதாம். அங்குட்டே போய்ப் படுத்துக்க" என்றார்.

"வந்த அன்னைக்கேவாப்பா?"

"உன் லீவைப் பாத்தா களவாணி வருவான்?"

மறுநாள் சத்தியப்பிரியா தூக்குச் சட்டியோடு கிளம்பினாள்.

"எங்குட்டும்மா?"

"தோப்புக்கு, மாமா. அவுகளுக்குச் சோறு. திரும்ப பஸ் இருக்காது, தங்கிட்டு வாரேன்."

முத்துராமலிங்கம் அவளை உட்காரவைத்துவிட்டுத் தாமே பஸ் ஏறி, மகனைத் திருப்பிக் கூட்டிவந்தார்.

"ஐயனாருக்கு மாலை போடு. லீவு முடியிற மட்டும் விரதம். படுக்கை தனி."

"எதுக்குப்பா வேண்டுதல்?"

"மனுசன்னா ஒரு அடக்கம் வேணும்டா! என்னையப் பாத்துக் கத்துக்க."

பிள்ளை வரத்துக்குத்தான் மாலை என்று டீக்கடையிலேயே முடிவுகட்டிய கோட்டைச்சாமி, சாயங்காலம் மரத்தொட்டிலோடு வந்து நின்றார்.

"காசிக்குப் போன வயிறுப்பா, வீண் போகாது. இன்னைக்கே ஊரெல்லாம் சொல்லிட்டேன்!"

அவருக்குப் பணியாரம் சுடப் போன கல்யாணசுந்தரி, எண்ணெய் வாடைக்கு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அறுத்த வயிறு அப்படித்தான் என்று முத்துராமலிங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் தொட்டிலிலேயே இருந்தது. இனி ஊரே சேர்ந்து மருமகளை அவசரப்படுத்தும். பாதிச் சோறுகூடச் சாப்பிட முடியாத உடம்பு, பிள்ளையை எப்படித் தாங்கும்? தம் பேர் போனாலும் போகட்டும், வீட்டுக்கு வந்த பெண் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது.

மறுநாள் மருமகளையும், துணைக்கு மனைவியையும் ஆட்டோவில் ஏற்றிச் செக்காலையில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார். நர்ஸ் தேவிகாவிடம் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"மதுரை ஆஸ்பத்திரியில என்னமோ போட்டுக்கச் சொன்னாக. அதைப் போட்டு விட்டுருங்க."

"எதைங்கய்யா?"

"அதைத்தான்!"

பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். இவர் தெரிந்த முகம் எதுவும் வந்துவிடுமோ என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். உள்ளே யாரோ வாந்தி எடுக்கும் சத்தம். பிறகு சத்தியப்பிரியா சிரிப்பை அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. டாக்டர் ரூமில் என்ன சிரிப்பு?

கதவைத் திறந்துகொண்டு தேவிகா வந்தாள்.

"பதறாதீகய்யா, உங்க மருமக ஆபரேஷன் பண்ணின கையோட லூப் போட்டுக்கிட்டாகளாம், மதுரையில தேடுனது துணைக்கு வந்த உங்க வீட்டம்மாவை, அவுகளுக்குத்தான் இப்ப மூணு மாசம்."